முதல் கார் வாங்குகிறீர்களா? விற்கிற நாளிலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

கார் வாங்கப்போகிறேன் என்று வாய் திறந்தால் போதும், ஆளுக்கொரு யோசனை வந்து விழும். "அந்தக் கம்பெனி வண்டியா? பார்ட்ஸ் விலை தாங்காது." "டீசல்தான் லாபம்." "பழைய வண்டி வாங்குறது அடுத்தவன் தலைவலியைக் காசு கொடுத்து வாங்குற மாதிரி." சொல்கிறவர்கள் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் தங்கள் ஓட்டம், தங்கள் வருமானம், தாங்கள் பட்ட பாடு இவற்றை வைத்துச் சொல்கிறார்கள். உங்கள் நிலைமை வேறாக இருந்தால் அந்த யோசனை அப்படியே பொருந்தாது. அதனால் முதலில் உங்களுக்கென்று ஒரு கணக்கு வேண்டும். அது கையில் இருந்தால் யார் சொல்வதையும் நிதானமாகக் கேட்டுக்கொள்ளலாம்.

இங்கே பேசுவது தினமும் வேலைக்கும் வீட்டுக்கும் ஓடுகிற சாதாரணக் கார்களைப் பற்றி மட்டும். சேகரிப்பாளர்கள் தேடி அலையும் அரிய வண்டிகளுக்கு விலை ஏறலாம். நம் வண்டிகளுக்கு இறங்கத்தான் செய்யும், எவ்வளவு மெதுவாக என்பதுதான் பார்க்க வேண்டியது.

முதலில் காகிதமும் பேனாவும்

ஒரு கார் உங்களிடமிருந்து உண்மையில் எடுத்துக்கொள்வது, வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள வித்தியாசம். அதோடு இடைப்பட்ட காலத்தில் அது தின்ற செலவு. ஷோரூமில் சொல்லும் விலை இதில் பாதிக் கதைதான்.

ஒரு கார் 100, இன்னொன்று 90 என்று வைத்துக்கொள்வோம். ஐந்து வருடம் கழித்து முதலாவது 58க்கு விலை போகிறது, இரண்டாவது 40க்கு. முதல் வண்டியில் கரைந்தது 42, இரண்டாவதில் 50. வாங்கும்போது மலிவாகத் தெரிந்ததுதான் அதிகம் தின்றிருக்கிறது. இது கற்பனை எண்கள்தான், ஆனால் இதே கணக்கை நிஜ எண்களோடு போடுவது எளிது. நீங்கள் நினைக்கும் மாடலில் ஐந்து வயது வண்டிகள் இப்போது என்ன விலைக்கு விற்பனைக்கு வருகின்றன என்று பாருங்கள். உங்கள் வண்டி ஐந்து வருடத்தில் எங்கே போய் நிற்கும் என்பதற்கு அதைவிட நல்ல துப்பு கிடைக்காது.

புதுக் கார் முதல் வருடத்தில்தான் அதிகமாக விழும். அந்த ஒரு வருடத்திலேயே ஐந்தில் ஒரு பங்கு வரை போவது பல மாடல்களில் சாதாரணம். ஐந்து வருடத்தில் பாதி அளவுக்கு வந்து நிற்கும். நாட்டுக்கு நாடு, மாடலுக்கு மாடல் இது மாறும், ஆனால் வளைவின் வடிவம் எங்கும் ஏறக்குறைய ஒன்றுதான்: ஆரம்பத்தில் செங்குத்து, அப்புறம் சாய்வு.

வண்டி அதேதான், ஓட்டமும் குறைவு, பிறகு ஏன் இப்படி விழுகிறது? ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் 1970இல் பழைய கார் சந்தையை வைத்தே இதற்கு விளக்கம் கொடுத்தார். பின்னாளில், 2001இல், அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்ததும் இந்த வழி ஆராய்ச்சிக்குத்தான். வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாததால் வாங்குபவர் பயந்து விலையைக் குறைத்துக் கேட்பார். அந்த விலைக்குக் கொடுக்க நல்ல வண்டி வைத்திருப்பவருக்கு மனம் வராது, விலகிக்கொள்வார். சந்தையில் மோசமானவை மிஞ்சும், பயம் இன்னும் கூடும். இதிலிருந்து நமக்கு ஒரு காரியம் உதவும்: சந்தேகத்தைத் தீர்க்கும் ஆதாரத்துக்கு விலை உண்டு. சர்வீஸ் ரசீதுகள் முழுதாக இருக்கும் வண்டிக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் அதே ரசீதுகள் உங்களுக்குப் பணம்.

விலைச் சரிவோடு கடன் வட்டி, இன்சூரன்ஸ், வரி, எரிபொருள், சர்வீஸ், டயர், நிறுத்தும் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி, வைத்திருக்கப்போகும் காலத்தில் ஓடும் கிலோமீட்டரால் வகுத்துவிடுங்கள். வருகிற எண் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். வாரம் ஒருமுறைதான் எடுப்பேன் என்கிறவர் இந்த எண்ணைப் பார்த்த பிறகு வாடகைக் காரே போதும் என்று முடிவெடுத்தாலும் அது நல்ல முடிவுதான்.

உங்கள் ஓட்டம் என்ன?

வருடத்துக்கு எத்தனை கிலோமீட்டர், நெரிசலிலா நெடுஞ்சாலையிலா, பெரும்பாலும் எத்தனை பேர், இரவில் வண்டி எங்கே நிற்கும். இந்த நான்குக்கும் நேர்மையாகப் பதில் எழுதுங்கள். வருடத்துக்கு இருமுறை வரும் குடும்பப் பயணத்துக்காக ஏழு இருக்கை வண்டியை மீதி நாளெல்லாம் தனியாக ஓட்டிக்கொண்டு திரிபவர்கள் ஏராளம்.

மைலேஜ் பற்றிப் பேசாத ஆள் இல்லை. ஆனால் அதில் ஒரு கண்கட்டு இருக்கிறது. வருடத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள் என்றால், லிட்டருக்கு 10 கொடுக்கும் வண்டி 1,000 லிட்டர் குடிக்கும். 15 கொடுப்பது ஏறக்குறைய 667, 20 கொடுப்பது 500, 25 கொடுப்பது 400. ஒவ்வொரு படியும் அதே ஐந்துதான், ஆனால் 10லிருந்து 15க்குப் போனால் 333 லிட்டர் மிச்சம், 20லிருந்து 25க்குப் போனால் 100 லிட்டர்தான். ஏற்கெனவே நன்றாக மைலேஜ் தரும் இரண்டு வண்டிகளுக்கு நடுவே அதை வைத்து மட்டும் முடிவெடுப்பது வீண். கூடுதல் விலையை அந்த 100 லிட்டர் எத்தனை வருடத்தில் திருப்பிக் கொடுக்கும் என்று கணக்குப் போட்டாலே தெளிந்துவிடும்.

டீசல் லாபம் என்ற பேச்சும் அப்படித்தான். இப்போதைய டீசல் கார்களின் புகைக்குழாயில் கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சூடேறித் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள ஒரு நீண்ட ஓட்டம் தேவை. தினமும் மூன்று கிலோமீட்டர் போய் வருபவரிடம் அது அடைத்துக்கொள்ளும், மாற்றுவதற்கு ஆகும் செலவு பல வருட எரிபொருள் லாபத்தை விழுங்கிவிடும். நெடுஞ்சாலையில் தினமும் ஓடுகிறவருக்கு டீசல் இன்னும் நியாயமான தேர்வு. நின்று நின்று நகரும் போக்குவரத்தில், இன்ஜினோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைபிரிட் வண்டி ஜெயிக்கும், ஏனென்றால் பிரேக் போடும்போது வீணாகும் சக்தியில் ஒரு பகுதியை அது பேட்டரிக்குத் திருப்பிக்கொள்கிறது. மின்சாரக் காருக்கு என் ஒரே கேள்வி: இரவில் சார்ஜ் போட உங்களுக்கென்று ஓர் இடம் இருக்கிறதா? இருந்தால் யோசியுங்கள். இல்லையென்றால் இன்னும் கொஞ்ச காலம் பொறுக்கலாம்.

யார் சொல்வதைக் கேட்பது

வாங்கி மூன்று மாதம் ஆனவர் சொல்வது காரைப் பற்றிய கருத்து அல்ல, தன் முடிவைப் பற்றிய கருத்து. அவ்வளவு பணம் போட்டுவிட்டு "தப்பாகிவிட்டது" என்று யாரும் சீக்கிரம் ஒத்துக்கொள்வதில்லை. விமர்சகர்கள் புது வண்டியைச் சில நாள் ஓட்டுகிறார்கள். ஓட்டுவதற்கு எப்படி இருக்கிறது என்று அவர்கள் சொல்வதை நம்பலாம், ஐந்தாவது வருடம் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரிய வழியில்லை. மெக்கானிக்கிடம் கேட்டால் நல்ல விஷயம் தெரியும், ஆனால் அவர் கண்ணில் படுவது கெட்டுப்போன வண்டிகள் மட்டுமே. சாலையில் அதிகம் ஓடும் மாடல் அவரிடம் அதிகம் வரும், அதனாலேயே அது மோசமான வண்டி ஆகிவிடாது.

நான்கைந்து வருடம் ஒரே வண்டியை வைத்திருப்பவரைத் தேடிப் பிடியுங்கள். "வண்டி எப்படி?" என்று கேட்டால் "சூப்பர்" என்று வரும், அதில் ஒன்றும் இல்லை. "கடைசியாக எதற்குச் செலவு செய்தீர்கள், எவ்வளவு ஆனது, எத்தனை நாள் வண்டி நின்றது?" என்று கேளுங்கள். அப்புறம், "மறுபடி வாங்கினால் இதையே வாங்குவீர்களா?" இந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லும் முன் வரும் தயக்கத்தையும் கவனியுங்கள்.

பிராண்டைப் பற்றிய பொதுக் கருத்துகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரே கம்பெனியின் ஒரே மாடலில் ஒரு இன்ஜின் உழைக்கும், இன்னொன்று எண்ணெய் குடிக்கும். அதே மாடலில் மேனுவல் கியர் பிரச்சினை தராமல், ஆட்டோமேட்டிக் மட்டும் தலைவலி கொடுக்கலாம். எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்த வருடம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லாத கருத்தைக் கேட்டுவிட்டு விட்டுவிடலாம். புது வடிவம் வந்த முதல் வருட வண்டியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அதே வடிவம் ஓரிரண்டு வருடம் ஓடி, சில்லறைக் கோளாறுகள் தீர்ந்த பிறகு வருபவை பெரும்பாலும் நிம்மதி.

எல்லாரும் வைத்திருக்கும் வண்டி சலிப்பாக இருக்கும், அது உண்மை. 1966இல் வந்த டொயோட்டா கொரோலா இதுவரை 5 கோடிக்கும் மேல் விற்றிருக்கிறது. அதைப் பார்த்து யாரும் திரும்பி நின்றதில்லை. ஆனால் அதிகம் விற்ற வண்டிக்குப் பார்ட்ஸ் சுலபமாகக் கிடைக்கும், கை வைத்துப் பழகிய மெக்கானிக்குகள் இருப்பார்கள், விற்கப்போனால் வாங்க ஆள் இருக்கும். முதல் காருக்கு இந்தச் சலிப்பை நான் தாராளமாகச் சிபாரிசு செய்வேன்.

பாதுகாப்பு நட்சத்திரங்களைப் பார்க்கும்போது எந்த வருடச் சோதனை என்று பாருங்கள். கார்களை மோதவிட்டுச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும், 1997இல் முதல் முடிவுகளை வெளியிட்ட யூரோ என்கேப் போன்ற அமைப்புகள் விதிகளை அவ்வப்போது கடுமையாக்கிக்கொண்டே வந்திருக்கின்றன. பத்து வருடத்துக்கு முந்தைய ஐந்து நட்சத்திரமும் இன்றைய ஐந்து நட்சத்திரமும் ஒன்றல்ல. வண்டி சறுக்கும்போது தேவையான சக்கரத்துக்கு மட்டும் தனியாகப் பிரேக் போட்டு நேராக்கும் இஎஸ்சி இருக்கிறதா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். சன்ரூஃபை விட்டுக்கொடுக்கலாம், இதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

புதுசா, பழசா?

பத்து வருடத்துக்கு மேல் வைத்திருப்பீர்கள் என்றால் புதுசு வாங்குவதில் தவறில்லை, முதல் வருடச் சரிவு அத்தனை வருடத்தில் பரவிக் கரைந்துவிடும். நான்கைந்து வருடத்தில் மாற்றுகிறவர் என்றால், மூன்று முதல் ஐந்து வயது வண்டிதான் கணக்குக்குச் சரி. செங்குத்தான சரிவை முதல் ஆள் சுமந்திருப்பார், பெரிய செலவுகள் இன்னும் வந்திருக்காது.

பழைய வண்டியைப் பார்க்கப் போகும்போது

பகலில் போங்கள். மழையிலும், கழுவி ஈரமாக நிற்கும்போதும் பார்க்காதீர்கள், ஈரம் பெயின்ட் குறைகளை மறைக்கும். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள், ஏனென்றால் இன்ஜினின் நோய்கள் பல குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான் வெளியே தெரியும்.

முதலில் காகிதம். பெரும்பாலான நாடுகளில் வண்டிக்கென்று எழுத்தும் எண்ணுமாக 17 இடங்கள் கொண்ட அடையாள எண் உண்டு. அதில் ஐ, ஓ, க்யூ என்ற மூன்று ஆங்கில எழுத்துகள் வராது, ஒன்று, பூஜ்யம் என்று குழம்பிவிடும் என்பதால். அப்படி ஓர் எழுத்தைக் கண்டால் அதோடு திரும்பிவிடுங்கள். வண்டியின் இரும்புச் சட்டத்தில் (சேஸி) பொறித்தது, முன் கண்ணாடியோரம் இருப்பது, ஆவணத்தில் இருப்பது மூன்றும் ஒத்துப்போக வேண்டும். கடன் பாக்கி இல்லை என்பதற்கும் எழுத்தில் ஆதாரம் வாங்குங்கள்.

அப்புறம் வெளியே. கதவுகளுக்கும் பானெட்டுக்கும் நடுவே இருக்கும் இடைவெளி இரண்டு பக்கமும் ஒரே அளவா என்று குனிந்து பாருங்கள். ரப்பர் பட்டையில் பெயின்ட் தெறித்திருக்கிறதா, முன் பக்கத்துத் தகட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டின் தலையில் ஸ்பானர் தடம் இருக்கிறதா? இருந்தால் டிங்கரிங் நடந்திருக்கிறது. பெயின்ட் கனத்தை அளக்கும் சின்னக் கருவி கிடைத்தால் நல்லது: தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானை ஒட்டி இருக்கும், பட்டி பூசிய இடம் அதைப் பல மடங்கு தாண்டும். கீறலுக்காக ஒரு கதவுக்கு மறுபெயின்ட் அடித்ததைப் பெரிதுபடுத்த வேண்டாம். பானெட்டுக்கு உள்ளே இருக்கும் சட்டம் வளைந்து நிமிர்த்தப்பட்டிருந்தால் விலையே பேசாதீர்கள்.

டயரின் பக்கவாட்டில் DOT என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைப் படியுங்கள். 2321 என்றால் 2021ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஓடோமீட்டர் 20,000 காட்டும் வண்டியில் டயர் வண்டியைவிடப் புதிது என்றால் முதல் செட் எங்கே போனது? டயர் ஒரு ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்டோ சஸ்பென்ஷனோ சரியில்லை. பல நாடுகளில் 1.6 மில்லிமீட்டர்தான் சட்டப்படி குறைந்தபட்சத் தடம், பள்ளத்துக்குள் இருக்கும் சின்ன மேடு அந்த அளவைக் காட்டும்.

கிலோமீட்டர் எண்ணை நம்பாதீர்கள், உடலை நம்புங்கள். பெடல் ரப்பர் வழுவழுப்பாகி, ஸ்டியரிங் பளபளத்து, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் அமுங்கியிருக்கும் வண்டி 30,000 ஓடியது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வரலாம். சர்வீஸ் ரசீதுகளில் எழுதியிருக்கும் கிலோமீட்டர் தேதிவாரியாக ஏறிக்கொண்டே வருகிறதா என்பதும் முக்கியம்.

வெள்ளத்தில் நின்ற வண்டிதான் எனக்கு மிகப் பெரிய பயம். மின் இணைப்புகள் மெல்ல மெல்ல அரித்து, மாதக்கணக்கில் கழித்துத்தான் வேலையைக் காட்டும். சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்து அடிப்பகுதியில் கறை இருக்கிறதா பாருங்கள். ஸ்டெப்னி வைக்கும் குழியில் வண்டல், இருக்கை நகரும் தண்டவாளத்தில் துரு, ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, கம்பளத்துக்கு அடியில் ஈர வாடை. உள்ளே வாசனைத் திரவம் தூக்கலாக அடித்தால் அதை மறைக்கத்தானோ என்று சந்தேகப்படுங்கள்.

இப்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள். நீலப் புகை என்றால் இன்ஜின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் எரிபொருள் அதிகமாகப் போகிறது. குளிரில் வரும் மெல்லிய ஆவி உடனே கலைந்துவிடும். இன்ஜின் சூடான பிறகும் அடர்த்தியாக, இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை வந்தால், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் வெண்ணெய் மாதிரிப் படிவு இருந்தாலும் அதே சந்தேகம்தான், குட்டி ஓட்டம் மட்டுமே ஓடிய வண்டியில் ஈரத்தால் லேசாகப் படிவதும் உண்டு என்றாலும். சூடான ரேடியேட்டர் மூடியை மட்டும் திறந்துவிடாதீர்கள், கொதிநீர் முகத்தில் அடிக்கும்.

அமெரிக்காவில் 1996 முதல், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதல், கோளாறுகளைக் கணினி மூலம் படிக்கும் இணைப்பு கட்டாயமானது; இன்றைய கார்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஸ்டியரிங்குக்குக் கீழே அது இருக்கும். சின்னக் கருவியைச் செருகினால் பிழைக் குறியீடுகள் கைபேசியில் தெரியும். ஒன்றுமே இல்லை என்று வந்ததை மட்டும் வைத்து நிம்மதி அடைந்துவிடாதீர்கள். "சுயசோதனை முடியவில்லை" என்று பல வரிகள் வந்தால், நீங்கள் வருவதற்கு முன்தான் யாரோ குறியீடுகளை அழித்திருக்கலாம், அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கலாம். எது என்று கேளுங்கள்.

ஓட்டும்போது ரேடியோவை அணைத்துவிடுங்கள். நேர்ச்சாலையில் ஸ்டியரிங்கை லேசாக விட்டால் ஒரு பக்கம் இழுக்கிறதா, பிரேக் போட்டால் அதிர்கிறதா, மேடு பள்ளத்தில் டொக் டொக் என்று சத்தம் வருகிறதா? மேனுவல் என்றால் உயர் கியரில் சட்டென்று முடுக்கிப் பாருங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் முடிந்தது. ஆட்டோமேட்டிக் என்றால் பார்க்கிலிருந்து டிரைவுக்குப் போட்டதும் உதைக்கக் கூடாது. மின்சாரக் கார் என்றால் பேட்டரியின் மீதித் திறன் எவ்வளவு என்று அளந்த அறிக்கை கேளுங்கள். பல கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1.6 லட்சம் கிலோமீட்டருக்குப் பேட்டரி உத்தரவாதம் தருகின்றன, அதில் எவ்வளவு மிச்சம் என்பதே விலையில் பெரும்பகுதி.

இத்தனையும் பார்த்துப் பிடித்திருந்தால், விற்பவருக்குச் சம்பந்தமில்லாத மெக்கானிக்கிடம் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் கூலி இந்த முழு வேலையிலும் நல்ல செலவு. "மெக்கானிக் எல்லாம் வேண்டாம்" என்று விற்பவர் மறுத்தால் உங்கள் வேலை மிச்சம், அடுத்த வண்டியைப் பாருங்கள்.

விலை பேசுவது

விளம்பரத்தில் இருப்பது கேட்கும் விலை, விற்கும் விலை அல்ல. அதே வருடம், அதே இன்ஜின், ஏறக்குறைய அதே ஓட்டம் உள்ள ஏழெட்டு வண்டிகளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாரக்கணக்கில் விற்காமல் நிற்பது எந்த விலையில் என்று கவனித்தால் மேல் எல்லை தெரிந்துவிடும்.

அதிலிருந்து, வாங்கியதும் செய்தாக வேண்டிய வேலைகளைக் கழியுங்கள். டயர் நான்கு, பிரேக், பேட்டரி. முக்கியமாக, இன்ஜினுக்குள் வால்வும் பிஸ்டனும் ஒன்றுக்கொன்று நேரம் தவறாமல் இயங்க வைக்கும் டைமிங் பெல்ட். ரப்பர் பெல்ட் உள்ள இன்ஜின்களில் கம்பெனி சொல்லும் கிலோமீட்டரிலோ வருடத்திலோ, எது முதலில் வருகிறதோ அப்போது, அதை மாற்றியாக வேண்டும். ஓடும்போது அறுந்தால் பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதி எல்லாம் போச்சு. மாற்றிய ரசீது இல்லை என்றால் மாற்றவில்லை என்றே கணக்கு வையுங்கள்.

"இப்போதான் இவ்வளவு செலவு பண்ணேன்" என்ற பேச்சு வரும். செய்ய வேண்டிய வேலையைச் செய்தது வண்டியைச் சந்தை விலைக்குக் கொண்டுவருகிறது, அதற்கு மேல் தூக்காது. ஸ்பீக்கர், அலாய் சக்கரம், சீட் கவர் எல்லாம் அடுத்தவர் ரசனை. விலையில் பைசா பெறாது. கோபப்படாமல் ரசீதையும் டயர் எண்ணையும் காட்டிப் பேசுங்கள், உங்கள் எண்ணைச் சொல்லுங்கள், அப்புறம் பேசாமல் இருங்கள்.

கடனில் வாங்குகிறவர்கள் தவணைத் தொகையை மட்டும் பார்த்து மயங்கக் கூடாது. தவணையைச் சின்னதாக்க காலத்தை நீட்டினால், முதல் சில வருடங்கள் வண்டியின் மதிப்பைவிடக் கடன் பாக்கி பெரிதாக இருக்கும். அந்த நேரத்தில் விபத்தோ அவசர விற்பனையோ வந்தால் வண்டியும் போய், கடனும் மிஞ்சும். முன்பணம் கணிசமாக, காலம் குறுகலாக இருந்தால் இந்தச் சிக்கல் வராது.

வாங்கிய பிறகு

பழைய வண்டி என்றால் முதல் வாரத்திலேயே இன்ஜின் ஆயில், எல்லா ஃபில்டர்கள், பிரேக் ஆயில், கூலன்ட் மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் குணம் உள்ளது, அதனால் பல கம்பெனிகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன. பெரும்பாலானவர்கள் அதை மறந்தே போகிறார்கள். டயர் காற்றை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்.

வருடங்கள் போன பிறகு ஒரு கேள்வி எல்லாருக்கும் வரும். பெரிய ரிப்பேர் ஒன்று வந்து நிற்கும், "வண்டி மதிப்பைவிட ரிப்பேர் அதிகம், தள்ளிவிடு" என்பார்கள். அந்த ஒப்பீடே தவறு. ரிப்பேர் செலவை ஒப்பிட வேண்டியது வேறு வண்டிக்கு மாறுவதால் அடுத்த ஒரு வருடத்தில் ஆகும் செலவோடு: புது வண்டியின் முதல் வருடச் சரிவு, வட்டி, கூடுதல் இன்சூரன்ஸ். கிளட்ச் மாற்றினால் இன்னும் மூன்று வருடம் ஓடும் என்றால் பெரும்பாலும் ரிப்பேர்தான் மலிவு. இன்ஜின், கியர்பாக்ஸ், துரு என்று வரிசையாக வந்தால், அல்லது நம்பி வெளியே போக முடியாத நிலை வந்தால் விற்றுவிடலாம். அப்போது விளம்பரத்தில் வண்டியின் குறைகளையும் சேர்த்து எழுதுங்கள். ரசீதுக் கோப்பைப் படம் எடுத்துப் போடுங்கள். வருகிற ஆள் குறைவாக இருந்தாலும் வருகிறவர் வாங்குகிற ஆளாக இருப்பார். சாவியைக் கொடுப்பதற்கு முன் பெயர் மாற்றத்துக்கான கையெழுத்தை முடித்து, நகல் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.